மறதிக்கு மயக்க ஊசிதான் காரணமா?

கேள்வி: எனக்கு 29 வயது. கூட்டுறவு வங்கி ஒன்றில் காசாளராக இருக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன்பு பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் இரவு வயிறு கல் மாதிரி இறுகி ரத்தம் போனது. நஞ்சு (நஞ்சுக்கொடி) பிரசவத்துக்கு முன்பே பிரிந்துவிட்டது என்று அவசரமாக சிசேரியன் செய்தார்கள். முதுகில் ஊசி போட நேரமில்லை என்று முழு மயக்கம் கொடுத்தார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குழந்தை நன்றாக இருக்கிறாள், தாய்ப்பாலும் நன்றாகச் சுரக்கிறது.

ஆனால் என் மூளைதான் பழையபடி இல்லை. அடுப்பில் பால் வைத்தது நினைவில்லாமல் இரண்டு பாத்திரம் கரிந்துவிட்டது. ஏ.டி.எம். முன்னால் நின்று ரகசிய எண் ஞாபகம் வராமல் திரும்பி வந்தேன். பக்கத்து கவுன்ட்டரில் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தவரின் பெயர் சட்டென்று வரவில்லை. "முழு மயக்கம் கொடுத்தால் மூளை மந்தமாகிவிடும், இனி இப்படித்தான்" என்கிறார் மாமியார். முதுகில் ஊசி போட்டுக்கொண்ட என் நாத்தனாருக்கு இப்படி எதுவும் இல்லை. எனக்குத் தூக்கம் பரவாயில்லை, விட்டுவிட்டு ஐந்தாறு மணி நேரம் கிடைத்துவிடும். இரும்புச் சத்து மாத்திரையை மலச்சிக்கலால் இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட்டேன், ஆனாலும் மலச்சிக்கல் போகவில்லை. முடி கொட்டுகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஃபேன் காற்றுகூடக் குளிர்கிறது. குழந்தை அழும்போது சில நேரம் யாரோ வீட்டுக் குழந்தை அழுவது போலக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். ஆபரேஷன் நடுவே ஏதோ தட்டில் சாமான் விழும் சத்தமும் யாரோ பேசுவதும் கேட்டது போல ஒரு நினைவும் இருக்கிறது, கனவா நிஜமா தெரியவில்லை.

அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். பணம் எண்ணும் வேலை, பயமாக இருக்கிறது. இது சரியாகுமா? அந்த மருந்து குழந்தையின் மூளையையும் பாதித்திருக்குமா? அடுத்த பிரசவத்தில் முழு மயக்கம் வேண்டாம் என்று சொல்லலாமா?

– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: ஐந்து மாதம் கழித்தும் தொடரும் இந்த மறதிக்கு அன்று கொடுத்த மயக்க மருந்து காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சரியாகுமா என்றால், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் சும்மா இருந்தால் ஆகாது. காரணங்களில் பாதியை நீங்களே போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அவற்றைத்தான் இங்கே எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

அதற்கு முன் மயக்க மருந்தின் கணக்கை முடித்துவிடலாம். அவசர சிசேரியனில் முழு மயக்கம் கொடுக்கும்போது அறுவை மருத்துவர் வயிற்றைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கத்தியோடு தயாராக நின்ற பிறகுதான் நரம்பில் மருந்தே ஏற்றுவார்கள். புரோபோஃபால் அல்லது தியோபென்டோன் என்ற மருந்து. அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் ஆளைத் தூங்கவைக்கும். மூளையை விட்டு மற்ற திசுக்களுக்குப் பரவிவிடுவதால் அதே வேகத்தில், பத்து நிமிடத்துக்குள் வேலை குறைந்துவிடும். பிறகு தூக்கத்தை நீட்டிப்பது செவோஃப்ளூரேன் போன்ற ஒரு வாயு. அது மூச்சோடு உள்ளே போய் மூச்சோடு வெளியே வந்துவிடும். முதல் 24 மணி நேரம் வண்டி ஓட்டாதீர்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்வது மிச்சம் மீதி தூக்கக் கலக்கத்துக்காகத்தான். ஐந்து மாதம் தங்கியிருக்க உடம்பில் அந்த மருந்தே கிடையாது.

மருந்து போனாலும் அதன் சுவடு தங்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆராய்ந்தும் இருக்கிறார்கள். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நினைவாற்றல் சோதனைகள் வைத்தார்கள். 18 முதல் 39 வயதுக்குள் இருந்தவர்களிலேயே, மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் நாளில், மூன்றில் ஒருவருக்கும் மேல் மந்தம் தெரிந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வயதினரில் 5.7 சதவீதம் பேரிடம் மட்டும் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் அது 12.7 சதவீதம். அவர்கள் பிரசவித்த பெண்கள் அல்ல, பெரும்பாலும் உங்களுடையதைவிட நீண்ட ஆபரேஷன்கள். அப்படியிருந்தும் இளம் வயதினரில் பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் தெளிந்துவிடுகிறது.

உங்கள் மாமியார் சொன்னதும் முழுக்கக் கட்டுக்கதை இல்லை. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பெரியவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு தடுமாறுவதை அவர் பார்த்திருப்பார். அது நிஜம். ஆனால் அந்த வயதினரிலும்கூட, மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் முழு மயக்கம் வாங்கியவர்களுக்கும் முதுகில் ஊசி போட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அறுவையால் உடம்பில் ஏற்படும் அழற்சி, வலி, தூக்கக்கேடு, ஏற்கெனவே மூளைக்கு ஆகியிருந்த வயது, எல்லாம் அங்கே சேர்ந்து வேலை செய்கின்றன. 29 வயதில் அந்தக் கணக்கு பொருந்தாது.

நான் இவ்வளவு விளக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊரில் பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலித்தால் முதுகு ஊசி, ஞாபகம் போனால் மயக்க ஊசி என்று முடித்துவிடுகிறோம். முடித்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். எப்போதோ போட்ட ஊசியை யாரும் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் உங்களுக்கு இப்போது இருப்பவை ஒவ்வொன்றுக்கும் பரிசோதனை இருக்கிறது, மருந்து இருக்கிறது.

முதல் சந்தேகம் ரத்தம். நஞ்சு பிரியும்போது வெளியே தெரியும் ரத்தத்தைவிட உள்ளே தேங்குவது அதிகமாக இருக்கலாம். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் ஒரு கிராம்தான் ஏறும். இரண்டு பாட்டில் உங்களை ஆபத்திலிருந்து மீட்டது, இழந்த எல்லாவற்றையும் ஈடுகட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு பத்தியச் சாப்பாடு, தாய்ப்பால், நடுவில் மாத்திரையும் நிறுத்தம். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதுதான் அரசின் திட்டம். நீங்கள் பாதி வழியில் விட்டுவிட்டீர்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதும் இதனால் இருக்கலாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. பிரசவத்துக்கு முன்பே இருப்பு குறைவாக இருந்திருக்கவும் கூடும்.

இரும்பு குறைந்தால் சோர்வு மட்டுமில்லை, யோசிக்கும் வேகமும் மனநிலையும் சரியும். தென்னாப்பிரிக்காவில் ரத்தசோகை உள்ள புதுத் தாய்மார்களிடம் நடத்திய ஒரு சோதனையில், இரும்புச் சத்து கொடுக்கப்பட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கண்கூடாகக் குறைந்தன, அறிவாற்றல் சோதனைகளிலும் முன்னேறினார்கள். கொடுக்கப்படாதவர்கள் அப்படியே இருந்தார்கள். அதனால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் ஓரளவு இருந்தாலும் இரும்பின் இருப்பு காலியாக இருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு வயிறு அப்படி ஒத்துப்போகிறது. காபி, டீ, கால்சியம் மாத்திரை மூன்றிலிருந்தும் இரண்டு மணி நேரம் தள்ளி விழுங்குங்கள். அதுவும் முடியவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள், அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள்.

அடுத்து, நீங்கள் கவனிக்காமல் எழுதிய ஒன்று. மாத்திரையை நிறுத்திய பிறகும் மலச்சிக்கல் போகவில்லை, ஃபேன் காற்று குளிர்கிறது. நம் ஊர் வெயிலில் ஃபேன் காற்று குளிர்கிறது என்று ஒரு பெண் சொன்னால் மருத்துவரின் கை தானாகவே தைராய்டு சோதனையை எழுதும். பிரசவத்துக்குப் பிறகு நூறு பெண்களில் சுமார் ஐந்து பேருக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வருகிறது. முதல் சில மாதங்கள் சுரப்பு கூடி, படபடப்பு, எடைக் குறைவு. 'பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் இருக்கும்' என்று யாரும் கண்டுகொள்வதில்லை. நான்காம் மாதத்திலிருந்து எட்டாம் மாதத்துக்குள் சுரப்பு இறங்கிவிடும். அப்போது வருவதுதான் சோர்வு, குளிர், மலச்சிக்கல், மந்தம், மறதி. நீங்கள் சரியாக அந்தக் காலக்கட்டத்தில் இருக்கிறீர்கள். டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டும் பாருங்கள். குறைவு என்று வந்தால் கொடுக்கும் மாத்திரையைத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். பலருக்கு ஓராண்டில் சுரப்பி தானே பழைய நிலைக்கு வந்துவிடும். (முடி கொட்டுவதை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை புதுத் தாய்மார்கள் பலருக்கும் கொட்டும்.)

பி12 அளவையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள், முக்கியமாக நீங்கள் சைவம் என்றால். மயக்க மருந்தின் மேல் ஓரளவு நியாயமாகக் குற்றம் சொல்ல முடிகிற ஒரே இடம் இதுதான். சில இடங்களில் மயக்கத்தோடு கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு உடம்பிலுள்ள பி12ஐச் செயலிழக்கச் செய்யும். இருப்பு போதுமானவர்களுக்கு ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு அரிதாகக் கை கால் மரத்துப்போவதும் மறதியும் வரலாம். அதற்கும் பி12 ஊசி இருக்கிறது. நிறைய ரத்தம் போனால் பிட்யூட்டரி சுரப்பி பழுதாகும் ஒரு நிலையும் உண்டு, ஆனால் அதில் பெரும்பாலும் தாய்ப்பால் சுரப்பதே நின்றுபோகும். உங்களுக்கு நன்றாகச் சுரக்கிறது, அதனால் அந்தக் கவலை வேண்டாம்.

தூக்கம் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டுவிட்டு ஐந்தாறு மணி நேரம். இதைப் பரவாயில்லை என்று சொல்ல வைப்பதே தூக்கக் குறைவின் குணம். 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நல்ல ஆரோக்கியமான ஆட்களை இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்க வைத்தார்கள். முடிவில் அவர்களுடைய கவனமும் நினைவும் இரண்டு இரவு முழுக்கத் தூங்காதவர்கள் அளவுக்கு இறங்கியிருந்தன. அவர்களைக் கேட்டபோதோ, கொஞ்சம் தூக்கக் கலக்கம், அவ்வளவுதான் என்றார்கள். அவர்களுக்கு இடையில் எழுப்பும் குழந்தையும் கிடையாது, இரண்டு வாரத்தோடு முடிந்தும் போனது. உங்களுக்கு இது ஐந்தாம் மாதம்.

ஆகவே மொத்த மணி நேரத்தை விடுங்கள், ஒரே மூச்சாக நான்கு மணி நேரம் கிடைக்க வழி பாருங்கள். ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு வேறு அறையில் படுத்துவிடுங்கள். அடுத்த தடவை, முன்பே எடுத்துவைத்த பாலைக் கணவர் கொடுக்கட்டும், பாலாடையில் கொடுத்தாலும் சரி. எடுத்த பாலை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் பயன்படுத்திவிடலாம். அந்த நான்கு மணி நேரத்தில் அவரே துணி மாற்றி, அவரே தோளில் போட்டுத் தட்ட வேண்டும். அவருக்கு மறுநாள் ஆபீஸ் என்று வீட்டில் சொல்வார்கள். அடுத்த மாதம் உங்களுக்கும் ஆபீஸ்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது கரிந்த பால் பாத்திரம் இல்லை. குழந்தை அழும்போது யாரோ வீட்டுக் குழந்தை போலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்ற வரிதான். இது பாசம் இல்லாததன் அடையாளம் கிடையாது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு பலருக்கு இப்படித்தான் வரும். அழுகையாக வராமல், எதுவும் ஒட்டாத ஒரு மரத்துப்போன நிலையாக வரும். கவனம் சிதறுவதும் மறதியும் அதன் முக்கியமான அறிகுறிகள்.

இங்கே முழு மயக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. நியூயார்க் மாநிலத்தில் 2006 முதல் 2013 வரை நடந்த 4 லட்சத்து 28 ஆயிரம் சிசேரியன்களை ஆராய்ந்து 2020இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். முழு மயக்கத்தில் பிரசவித்தவர்கள் சுமார் 8 சதவீதம். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தீவிரமான மனச்சோர்வு வரும் வாய்ப்பு அவர்களுக்கு 54 சதவீதம் அதிகமாக இருந்தது. எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். ஆயிரம் பேருக்குச் சுமார் மூன்று பேர் என்ற அளவில் இருந்தது கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். மருந்து மூளையைக் கெடுத்ததால்தான் இப்படி என்றும் அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. முழு மயக்கம் யாருக்குக் கொடுக்கிறார்கள்? ரத்தம் கொட்டி, குழந்தையின் நாடி இறங்கி, உயிர் போகுமா என்ற பயத்தோடு தியேட்டருக்குள் தள்ளப்பட்டவர்களுக்குத்தான். கண் விழித்தபோது குழந்தை பிறந்து நேரமாகியிருக்கும், எல்லோரும் பார்த்த பிறகு கடைசியாகப் பார்ப்பது தாயாக இருக்கும். இதெல்லாம் மனதில் என்ன செய்யும் என்பதற்குத் தனி மருந்து தேவையில்லை.

பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். தமிழிலும் சோதித்துப் பார்த்த வடிவம் உண்டு. மகப்பேறு மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தேவைப்பட்டால் ஆலோசனை, அதற்கு மேலும் தேவைப்பட்டால் தாய்ப்பாலை நிறுத்தாமலே சாப்பிடக்கூடிய மாத்திரைகள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தால் அன்றைக்கே போக வேண்டும், பரிசோதனை முடிவுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது.

தட்டில் சாமான் விழுந்த சத்தம். அது கனவு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். குழந்தைக்கு மயக்கம் போய்ச் சேராமல் இருக்க, சிசேரியனில் முழு மயக்கத்தைக் கொஞ்சம் லேசாகவே வைப்பார்கள். அதனால் நடுவில் சில நொடிகள் நினைவு வருவது மற்ற ஆபரேஷன்களைவிட இதில் அதிகம். பிரிட்டனில் 2014இல் வெளியான பெரிய தணிக்கையில் முழு மயக்கத்தில் நடந்த 670 சிசேரியனுக்கு ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தார். அந்த நினைவு திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுக்கிறதா, ஆஸ்பத்திரி வாடை பட்டாலே நெஞ்சு படபடக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அதையும் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். அன்று மயக்கம் கொடுத்த மருத்துவரைச் சந்தித்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று வரிசையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் பலருக்கு மனப்பாரத்தைக் குறைத்திருக்கிறது.

குழந்தையைப் பற்றிய கவலையை இன்றே விட்டுவிடலாம். உங்களுக்கு மருந்து ஏறி, அவள் வெளியே வரும்வரை ஆனது சில நிமிடங்கள். ஏழு நாடுகளில் 722 பச்சிளம் குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், குடலிறக்க ஆபரேஷனுக்காகப் பாதிப் பேருக்கு நேரடியாகவே ஒரு மணி நேரத்துக்குள் முழு மயக்கமும் மீதிப் பேருக்கு முதுகு ஊசியும் கொடுத்தார்கள். ஐந்து வயதில் புத்திக்கூர்மையை அளந்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. 2019இல் வந்த முடிவு இது.

இந்த இடத்தில், பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருக்கும் மற்ற வாசகிகளுக்கு ஒன்று. முழு மயக்கமோ முதுகு ஊசியோ, தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, பார்வை மங்கல், ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பது, பேச்சுக் குழறுவது என்று வந்தால் மறதி, அசதி என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். பிரசவம் முடிந்த வாரங்களில் ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும், மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்து அடைக்கலாம். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று டம்ளரை ஒளித்துவைக்கும் வழக்கம் அந்த ஆபத்தை இன்னும் கூட்டும். பத்தியத்தில் பூண்டும் சுண்டைக்காய் வற்றலும் இருக்கட்டும், தண்ணீருக்குப் பத்தியம் வேண்டாம்.

வேலைக்கு வருவோம். இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் சேரும் நாளுக்குள் சிகிச்சை தொடங்கி மூன்று வாரமாவது ஆகியிருக்கும். இரும்பும் தைராய்டும் தெளிவு கொடுக்க ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும். அதனால் முதல் மாதம் பணக் கவுன்ட்டருக்குப் பதில் வேறு மேசை கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஒவ்வொரு கட்டையும் கையால் எண்ணிய பிறகு இயந்திரத்திலும் போடுங்கள். தொகையை வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுதுங்கள். வரிசை நீண்டாலும் பரவாயில்லை. வீட்டில் பால் வைத்தால் கைபேசியில் ஐந்து நிமிட அலாரம்.

அடுத்த பிரசவத்தில் முழு மயக்கமே வேண்டாம் என்று முன்கூட்டியே மறுக்காதீர்கள். திட்டமிட்ட சிசேரியன் என்றால் பெரும்பாலும் முதுகு ஊசிதான் போடுவார்கள், உங்கள் நாத்தனாருக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். ரத்தம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது முதுகு ஊசி போட்டால் ரத்த அழுத்தம் இன்னும் சரிந்துவிடும். நஞ்சு பிரிந்தவர்களுக்கு ரத்தம் உறைவதும் கெட்டுப்போயிருக்கலாம், அந்த நிலையில் முதுகில் ஊசி ஏற்றினால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டலாம். அன்றைக்கு உங்களுக்குச் சரியானதைத்தான் செய்திருக்கிறார்கள். ஒருமுறை நஞ்சு பிரிந்தவருக்கு மறுமுறையும் பிரியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்து, அடுத்த கர்ப்பத்தின் முதல் பரிசோதனையிலேயே காட்டுங்கள். ஏழாம் மாத வாக்கில் மயக்க மருத்துவரையும் ஒருமுறை பார்த்து, தட்டில் விழுந்த சத்தத்தைப் பற்றியும் சொல்லிவையுங்கள்.